எந்த வருஷத்துப் பாஸ்போர்ட்? அதைச் சொல்லுங்கள் முதலில்

குடும்ப வரலாறு தேடும் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்கப் பாஸ்போர்ட் ஆவணங்களைப் பற்றியவை. தாத்தா, கொள்ளுத்தாத்தா எப்போது போனார், எந்தப் பெயரில் போனார், அந்தத் தாள்கள் இன்று யார் கையில் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். பொதுவாகக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: என் கணவர் அமெரிக்கர். அவருடைய கொள்ளுத்தாத்தா மதுரையில் அமெரிக்க மிஷனில் வேலை பார்த்தவர். 1905 முதல் 1924 வரை நாலைந்து தடவை கப்பலில் ஊருக்குப் போய் வந்திருக்கிறார். அவருடைய பாஸ்போர்ட் விண்ணப்பத்தைக் கேட்டு அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு எழுதினால் கிடைக்குமா?
– வாசகி, டாலஸ்

பதில்: வெளியுறவுத் துறைக்கு எழுத வேண்டாம். அவர்களிடம் அந்தத் தாள்கள் இல்லை. 1925 மார்ச் 31 என்ற தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1795 முதல் அந்தத் தேதி வரையிலான விண்ணப்பங்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதற்குப் பிந்தியவைதான் வெளியுறவுத் துறையின் பொறுப்பு. இது தெரியாமல் தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய.

உங்கள் விஷயத்தில் கடிதமே தேவையில்லை. 1795–1905 விண்ணப்பங்கள் 694 மைக்ரோஃபிலிம் சுருள்களாகவும், 1906 ஜனவரி முதல் 1925 மார்ச் வரையிலானவை 2,740 சுருள்களாகவும் படம் எடுக்கப்பட்டு, இணையத்திலும் ஏறிவிட்டன. ஃபேமிலிசர்ச் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கினால் இலவசமாகவே பார்க்கலாம். ஆன்செஸ்ட்ரி தளத்திலும் இருக்கின்றன. அது கட்டணத் தளம், ஆனால் அமெரிக்காவில் பல பொது நூலகங்கள் தங்கள் கட்டடத்துக்குள் அதை இலவசமாகத் திறந்து தருகின்றன.

தேடும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். கையெழுத்தைப் படித்து அட்டவணை போட்டவர்கள் பெயர்களைக் கண்டபடி எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயரோடு பிறந்த ஆண்டை இரண்டு வருடம் முன்பின் வைத்துப் பாருங்கள். அது பலிக்காவிட்டால் பெயரையே விட்டுவிட்டு, பிறந்த ஊரை மட்டும் கொடுங்கள். மிஷனரிகளின் பிள்ளைகள் பலர் நம் ஊர்ப்பக்கம் பிறந்தவர்கள். கொடைக்கானல், பசுமலை என்று பிறந்த இடம் போட்ட விண்ணப்பம் கண்ணில் பட்டால் தேட வேண்டிய வட்டம் உடனே சுருங்கிவிடும். ஒன்று மட்டும் கவனம்: அன்று ஊர்ப் பெயர்களை எழுதிய விதம் வேறு. மதுரையை 'மதுரா' என்றும், திருநெல்வேலியை 'டின்னவெல்லி' என்றும், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையை 'பட்டிகோட்டா' என்றும், தெல்லிப்பழையை 'டில்லிபல்லி' என்றும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் எதுவும் வராது.

ஒரே ஒரு விண்ணப்பம் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். அந்தக் காலப் பாஸ்போர்ட்டின் ஆயுள் குறைவு, பொதுவாக இரண்டு ஆண்டுதான். நாலைந்து தடவை பயணம் போனவருக்கு இரண்டு மூன்று விண்ணப்பமாவது இருக்க வாய்ப்புண்டு. ஒவ்வொன்றிலும் வீட்டு முகவரி, தொழில், போகும் நாடு, போகிற காரணம் எல்லாம் அந்தந்த நேரத்து நிலவரப்படி இருக்கும்.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். வெளிநாட்டில் குடியிருந்த அமெரிக்கர்கள் அங்குள்ள துணைத் தூதரகத்தில் பதிவு செய்துகொண்டார்கள். 1907–1918 ஆண்டுகளின் பதிவுச் சான்றுகளும் ஆன்செஸ்ட்ரியில் தனித் தொகுப்பாக உள்ளன. மனைவி, பிள்ளைகள், அவர்கள் பிறந்த இடம், எப்போதிலிருந்து இந்தியாவில் வசிக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். குழந்தைகள் 1910க்குப் பிறகு இங்கே பிறந்திருந்தால், துணைத் தூதரகம் அனுப்பிய பிறப்பு அறிக்கையும் தேசியக் காப்பகத்தில் இருக்கலாம்.

கேள்வி: 1919ஆம் ஆண்டு விண்ணப்பம் ஒன்றைக் கண்டுபிடித்தோம். ஆனால் புகைப்படம் இல்லை. அவருடைய மனைவி பெயரில் தேடினால் எதுவும் வரவில்லை. அவருக்குப் பாஸ்போர்ட்டே இல்லையா?
– வாசகர், பாஸ்டன்

பதில்: படம் பெரும்பாலும் அடுத்த பக்கத்தில் இருக்கும். 1914 டிசம்பர் 21க்குப் பிறகு புகைப்படம் கட்டாயம். அதற்கு முந்தைய விண்ணப்பங்களில் தேடிப் பயனில்லை. உங்களுடையது 1919, ஆகவே இருந்தாக வேண்டும். அட்டவணையின் இணைப்பு முன்பக்கத்துக்கு மட்டும்தான் கூட்டிப்போகும். பின்பக்கம் அடுத்த படமாக வரும். அங்கேயிருந்து முன்னும் பின்னும் குறைந்தது ஐந்தாறு படங்களைப் புரட்டுங்கள். போர்க்காலத்து விண்ணப்பத்தோடு முதலாளி கொடுத்த கடிதம், மிஷன் தலைமையகத்தின் கடிதம், பிறப்புப் பதிவு இல்லாதவருக்கு அண்ணனோ அப்பாவோ எழுதிக் கொடுத்த உறுதிமொழி எல்லாம் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? தாளின் மேல் மூலையில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். எண் மாறும் இடத்தில் அடுத்த ஆள் தொடங்குகிறார்.

விண்ணப்பத்தை நிதானமாகப் படியுங்கள். உயரம் இத்தனை அடி இத்தனை அங்குலம், நெற்றி உயரம், கண் பழுப்பு, மூக்கு நேர், தாடை வட்டம், முகம் நீள்வட்டம் என்று ஒருவரை உறுப்பு உறுப்பாக எழுதி வைத்திருப்பார்கள். தழும்பு, மச்சம் இருந்தால் அதுவும் வரும். அப்போது படத்துக்கு இன்றுபோல் கறாரான அளவோ விதியோ இல்லாததால், வீட்டுத் தோட்டத்தில் எடுத்ததைக்கூட வெட்டி ஒட்டியிருப்பார்கள். குடும்பத்தில் வேறெங்கும் இல்லாத முகம் இங்கே அகப்படுவது உண்டு. படத்தின் ஓரத்தில் முத்திரை அழுந்தியிருந்தால் அது படம் கெட்டதல்ல, அலுவலகம் வைத்த அடையாளம்.

மனைவி விஷயம்: கணவரோடு பயணம் செய்த மனைவியும் சிறு பிள்ளைகளும் கணவருடைய பாஸ்போர்ட்டிலேயே சேர்க்கப்பட்டார்கள். விண்ணப்பத்தில் 'என் மனைவியும்' என்று தொடங்கும் வரியில் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும், ஆனால் அட்டவணையில் அவர் பெயர் ஏறியிருக்காது. குழுப் படமாக மனைவி, குழந்தைகளோடு ஒரே படம் ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம். தனியாகப் பயணம் போன பெண்கள், கணவனை இழந்தவர்கள், மணமாகாத ஆசிரியைகள், மருத்துவர்கள் தங்கள் பெயரிலேயே விண்ணப்பித்தார்கள். 19ஆம் நூற்றாண்டு நடுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஆண்களாக இருந்த நிலை மாறி, 1923இல் விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் பெண்கள்.

கேள்வி: எங்கள் முன்னோர் 1850களில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள். எங்கு தேடியும் பாஸ்போர்ட் இல்லை.
– வாசகி, ஓஹாயோ

பதில்: இல்லாமலே வந்திருக்கலாம். அன்று அமெரிக்காவை விட்டுப் புறப்படப் பாஸ்போர்ட் கட்டாயமில்லை. உள்நாட்டுப் போரின்போது 1861 ஆகஸ்ட் முதல் 1862 மார்ச் வரை சில மாதங்கள் கட்டாயமாக இருந்தது. பிறகு முதல் உலகப் போரில் 1918இல் சட்டம் வந்தது, 1921இல் தளர்ந்தது. 1941இல் மீண்டும் கட்டாயமானது. நடுவில் 1921க்குப் பிறகும் மற்ற நாடுகள் கேட்டதால் மக்கள் எடுத்தார்கள்.

ஆகவே 1850களில் பாஸ்போர்ட் இல்லையென்றால் அதை வைத்து அவர்கள் போகவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. யாழ்ப்பாணத்தில் 1816இல் தொடங்கிய மிஷனும், அங்கிருந்து 1834இல் மதுரைக்கு வந்த மிஷனும் 'அமெரிக்க வாரியம்' என்ற ஒரே மிஷன் அமைப்பின் கீழ் இருந்தவை. அந்த வாரியத்தின் கடிதங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளன. உங்களுக்கு அதுதான் வழி.

கேள்வி: என் மாமியாரின் அப்பா 1938இல் பாஸ்போர்ட் எடுத்தார். 1981இல் காலமானார். வெளியுறவுத் துறைக்கு எழுதினோம், 'தகவல் போதாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன தவறு செய்தோம்?
– வாசகர், அட்லாண்டா

பதில்: நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகலைப் பார்த்தோம். இரண்டு குறைகள். பிறந்த தேதிக்குப் பதில் 'சுமார் 1902' என்று எழுதியிருக்கிறீர்கள். இறப்புச் சான்றிதழ் இணைக்கவில்லை. இறந்தவருடைய ஆவணத்தை உறவினர் கேட்கும்போது, அவர் இறந்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். உயிரோடு இருப்பவர் என்றால் அவருடைய சம்மதக் கையெழுத்து, அதுவும் நோட்டரி முன்னிலையில் போட்டதாக, வேண்டும். உறவினர் என்ற உரிமை மட்டும் போதாது.

கடிதத்தைத் திரும்ப இப்படி எழுதுங்கள். மேலே தேதி. அடுத்து பாஸ்போர்ட் வைத்திருந்தவரின் பிறப்புப் பெயர், பின்னால் மாறிய பெயர்கள் அனைத்தும். பிறந்த தேதி, பிறந்த ஊர், மாநிலம் அல்லது நாடு. பாஸ்போர்ட் எண் தெரிந்தால் அது, தெரியாவிட்டால் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுக்குள் எடுத்தார் என்ற கணிப்பு. பழைய பாஸ்போர்ட் புத்தகம் வீட்டில் இல்லாதவர்கள் கப்பல் பயணிகள் பட்டியலைப் பாருங்கள். ஊர் திரும்பிய அமெரிக்கர்களின் பட்டியலில் பிறந்த தேதியும் ஊரும் எழுதப்பட்டிருப்பதால் இரண்டு குறைகளில் ஒன்று அங்கேயே தீரும். பிறகு உங்கள் பெயர், முகவரி, பகல்நேரத் தொலைபேசி எண், மின்னஞ்சல், உங்களுக்கும் அவருக்கும் என்ன உறவு, எதற்காகக் கேட்கிறீர்கள். 'குடும்ப வரலாறு' என்று நேராக எழுதுங்கள், அதில் தவறில்லை. அரசு கொடுத்த உங்கள் அடையாள அட்டையின் நகலை இரண்டு பக்கமும் எடுத்து வையுங்கள். முன்பக்கம் மட்டும் வைத்துத் திருப்பி வாங்கியவர்கள் உண்டு. கடைசியில் உங்கள் கையெழுத்து, நோட்டரி முத்திரையோடு.

முத்திரையிட்ட சான்று நகல் வேண்டுமென்றால் ஒன்றுக்கு 50 டாலர். குடும்ப வரலாற்றுக்கு அது தேவையில்லை, சாதாரண நகல் போதும். வேறு நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முன்னோரின் ஆவணம் காட்ட வேண்டியவர்களுக்குத்தான் சான்று நகல். வெளியுறவுத் துறையில் இந்தக் கடிதங்களைப் பார்க்கும் பிரிவு வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டெர்லிங் ஊரில் இருக்கிறது. அஞ்சல் முகவரியையும் கட்டணத்தையும் அனுப்புகிற அன்று துறையின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். பதிலுக்கு மாதக்கணக்கில் ஆகும். நடுவில் இரண்டாவது கடிதம் போட்டால் முதலாவது வேகமாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய விண்ணப்பங்களில் பல, 1980களில் அரசின் விதிப்படியே அழிக்கப்பட்டுவிட்டன. எல்லாம் சரியாகச் செய்தும் 'ஆவணம் இல்லை' என்று பதில் வரலாம். அப்படி வந்தால் தேடியவர் குறையல்ல.

கேள்வி: நான் சென்னையில் இருக்கிறேன். அமெரிக்க நோட்டரிக்கு எங்கே போவது?
– வாசகர், சென்னை

பதில்: நோட்டரி கிடைக்காதவர்களுக்கு அமெரிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 'இதில் உள்ளவை உண்மை. பொய்யானால் அமெரிக்காவின் சட்டப்படி தண்டனைக்கு உட்படுவேன்' என்ற பொருளுள்ள உறுதிமொழியை ஆங்கிலத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திடுங்கள். வெளிநாட்டில் இருந்து எழுதுபவர் 'அமெரிக்காவின் சட்டப்படி' என்ற சொற்களைச் சேர்த்தே ஆக வேண்டும். அமெரிக்காவுக்குள் இருப்பவருக்குரிய வாசகத்தில் அது இருக்காது, அதைப் பார்த்து எழுதினால் செல்லாது. இறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும், மொழிபெயர்த்தவரின் கையெழுத்தையும் இணையுங்கள்.

கேள்வி: என் அப்பா 1969இல் மதுரையிலிருந்து சிகாகோ போனவர். 1976இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். இப்போது இல்லை. பேரப்பிள்ளைகளுக்காக அவருடைய எல்லாத் தாள்களையும் சேர்க்க விரும்புகிறோம். பாஸ்போர்ட் ஒன்று போதுமா?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: போதாது. உங்கள் அப்பா விஷயத்தில் பாஸ்போர்ட்டைவிடப் பெரிய புதையல் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு மேலே அட்லாண்டா வாசகருக்குச் சொன்ன முறையிலேயே எழுதுங்கள். அதில் 1976க்குப் பிந்திய சில பக்கங்கள்தான் வரும். அவர் குடியேறியபோது தொடங்கிய கோப்பு குடியேற்றத் துறையிடம் இருக்கிறது. அதை 'ஏ ஃபைல்' என்பார்கள். விசா விண்ணப்பம், அன்றைய புகைப்படம், பட்டச் சான்றுகள், வேலை தொடர்பான தாள்கள், குடியுரிமை விண்ணப்பம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். பிறப்புச் சான்று இல்லாத நம்மவர்களுக்கு ஊரில் பெரியவர்கள் எழுதிக்கொடுத்த உறுதிமொழியும் அதில் அகப்படலாம். தாத்தா பெயர், ஊர், தெரு எல்லாம் எழுதிய அந்தத் தாளுக்கு ஈடு கிடையாது.

அந்தக் கோப்பைக் கேட்க இரண்டு வாசல்கள் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். 1956 மார்ச் 31க்குள் குடியுரிமை பெற்றவர்களுக்கு அந்தத் துறையின் வம்சாவளி (ஜீனியாலஜி) ஆவணப் பிரிவு. அங்கே தேடலுக்கும் நகலுக்கும் தனித்தனிக் கட்டணம். உங்கள் அப்பா அதற்குப் பிந்தியவர், ஆகவே தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ்க் கேட்க வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வழக்கமான கோரிக்கைக்குப் பணம் கேட்பதில்லை. இறப்புச் சான்றிதழ் இணையுங்கள். பிறந்து நூறு ஆண்டு கடந்தவர் என்றால் இறப்புச் சான்று தேவைப்படாது.

கோப்பைக் கண்டுபிடிக்க அவருடைய 'ஏ' எண் இருந்தால் வேலை பாதி முடிந்தது. கிரீன் கார்டில் இருக்கும். குடியுரிமைச் சான்றிதழிலும் பாருங்கள். வலது மேல் மூலையில் சிவப்பில் உள்ளது சான்றிதழ் எண், அது வேறு. 'ஏ' என்று தொடங்கும் எண்தான் வேண்டும். இரண்டையுமே எழுதிவிடுங்கள்.

நம்மவர்களுக்கு அதிகம் கோளாறு செய்வது பெயர்தான். ஊரில் ஆர். சுப்பிரமணியன். அப்பா பெயர் ராமசாமி. அமெரிக்காவில் இறங்கியதும் ஒரு தாளில் சுப்பிரமணியன் ராமசாமி, இன்னொன்றில் ராமசாமி சுப்பிரமணியன், அலுவலகத்தில் 'மணி', குடியுரிமை பெறும்போது சுருக்கிக்கொண்ட புதுப் பெயர். குடும்பப் பெயர் எது என்று ஒவ்வோர் எழுத்தரும் ஒவ்வொரு மாதிரி முடிவு செய்திருப்பார். சாத்தியமான எல்லா வடிவங்களையும், எல்லா எழுத்துக்கூட்டல்களையும் கடிதத்தில் ஒரு பத்தியாக எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதி 'இல்லை' என்று பதில் வாங்கியவர்கள், பெயரைத் திருப்பிப் போட்டு எழுதியதும் கோப்பு கிடைத்ததாகச் சொல்கிறார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் புத்தகம் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கையால் எழுதிய அந்தப் பழைய புத்தகத்தில் அப்பா பெயர், பிறந்த ஊர், தொழில், செல்லத்தக்க நாடுகளின் பட்டியல் இருக்கும். பின்பக்கங்களில் எவ்வளவு அந்நியச் செலாவணி வாங்கினார் என்ற வங்கி முத்திரையும் இருக்கும். அது அவர் புறப்பட்ட வாரத்தையே காட்டிவிடும். எல்லாப் பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, படம் எடுத்து வையுங்கள்.

இந்தியாவில் அவர் கொடுத்த விண்ணப்பத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ஆனால் இந்தியக் குடிமக்கள் மட்டுமே கேட்க முடியும். இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், நீங்கள் கேட்டால் நிராகரிப்பார்கள். மதுரையில் இருக்கும் உங்கள் சித்தப்பா மகனோ அத்தை மகளோ தங்கள் பெயரில் கேட்கட்டும். தனிநபர் தகவல் என்று மறுக்கவும் இடமிருக்கிறது, கோப்பே இல்லை என்றும் பதில் வரலாம். பத்து ரூபாய்க்கு முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

கேள்வி: எங்கள் பெரிய தாத்தா 1912 வாக்கில் சென்னையிலிருந்து கலிபோர்னியா போனதாகச் சொல்வார்கள். அவர் அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருந்திருப்பாரா?
– வாசகர், திருச்சி

பதில்: வாய்ப்பு குறைவு. இந்தியர்கள் சிலர் 1923க்கு முன்பே அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்கள். 1923 பிப்ரவரியில் பகத்சிங் திண்ட் என்ற சீக்கியரின் வழக்கில் இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏற்கெனவே பெற்றவர்களிடமிருந்தும் பறிக்கத் தொடங்கினார்கள். 1946இல்தான் சட்டம் கதவைத் திறந்தது. அந்தத் தீர்ப்புக்கு முன் குடியுரிமை பெற்றவராக இருந்தால் மட்டுமே 1925க்கு முந்தைய தொகுப்பில் அகப்படுவார். ஒரு தடவை தேடிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

மற்றபடி அவர் பிரிட்டிஷ் பிரஜை. லண்டனில் கொடுத்த பாஸ்போர்ட்டுகளின் பதிவேடுகள் பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தில் எஃப்ஓ 610 என்ற வரிசையில் உள்ளன. எஃப்ஓ 611 வரிசையில் 1851–1862, 1874–1916 ஆண்டுகளுக்குப் பெயர் அட்டவணை இருக்கிறது. அமெரிக்க விண்ணப்பம்போல் அங்கே படமும் அங்க அடையாளமும் எதிர்பார்க்காதீர்கள். பெயர், எண், தேதி அளவில்தான் கிடைக்கும். அதோடு அது லண்டன் பதிவேடு, சென்னையில் கப்பலேறியவர் அதில் வர வேண்டிய அவசியமும் இல்லை. இந்திய அரசின் அன்றைய வெளியுறவுத் துறைக் கோப்புகளுக்கு டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் 'பாஸ்போர்ட்' என்ற சொல்லோடு ஊர்ப் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடுங்கள்.

கேள்வி: விண்ணப்பத்தில் உள்ள பிறந்த தேதியும் கல்லறையில் உள்ள தேதியும் இரண்டு வருடம் வித்தியாசப்படுகின்றன. எதை எடுப்பது?
– வாசகி, டொராண்டோ

பதில்: உடனே எதையும் எடுக்காதீர்கள். விண்ணப்பத்தில் இருப்பது அவர் சத்தியம் செய்து சொன்ன தேதி. பிறப்புப் பதிவைப் பார்த்து எழுதிய தேதி ஆகாது. கல்லறையில் இருப்பது பிள்ளைகள் நம்பிய தேதி. அவருடைய மற்ற விண்ணப்பங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதை எழுதி, மற்றதை எந்தத் தாளில் கண்டீர்கள் என்று கீழே குறித்து வையுங்கள். விண்ணப்பத்தோடு உறவினர் கொடுத்த உறுதிமொழி இருந்தால் அதைக் கடைசி வரிவரை படியுங்கள். 'இவன் பிறந்தபோது நான் அதே வீட்டில் இருந்தேன்' என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தால், அந்தத் தேதிக்குக் கல்லைவிட மதிப்பு அதிகம்.